காடும் தேசப்படமும்

புவியியற் பரீட்சைக்கு அமரும் நம் மாணவன் ஒருவனிடம் இடவிளக்கப்படத்தின் துண்டு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். வாய்க்கால் எது, வண்டிப்பாதை எது, குளக்கட்டு எது என்று குறியீடு பார்த்துச் சொல்லிவிடுவான். வளைந்து செல்லும் வீதியின் நீளத்தை நூல் வைத்து அளந்து, ஐம்பதினாயிரத்தில் ஒன்று என்ற அளவுத்திட்டத்தால் பெருக்கிக் கிலோமீற்றரில் எழுதுவான். திசைகோள் கேட்டால் பாகைமானியை வைத்துப் பாகையும் கூறுவான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் படுவான்கரையில் இப்பாடத்தைக் கற்பித்தவன் நான். நம் மாணவரின் கெட்டித்தனத்தில் எனக்கு ஐயம் இல்லை. ஆயினும் அதே மாணவனைத் தாந்தாமலைக்குப் போகும் வழியில், வண்டித்தடம் இரண்டாகப் பிரியும் ஒரு காட்டோரத்தில் நிறுத்தி, “தம்பி, வடக்கு எந்தப் பக்கம்? நீ நிற்கும் இடம் படத்தில் எது?” என்று கேட்டால், அவன் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுக்கிறான். அதிலும் சமிக்ஞை இல்லையென்றால் நம் முகத்தைப் பார்க்கிறான்.

குறை மாணவனுடையது அன்று. பரீட்சை மண்டபத்துக்கு வெளியே அத்தாளை அவன் கையில் நாம் ஒருநாளும் கொடுத்ததில்லை. நம் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டில் தோன்றியது. இலங்கை முழுவதையும் 72 தாள்களில் அடக்கிய ஓரங்குலப் படங்களையும், பின்னர் 92 தாள்களில் அடங்கிய ஐம்பதினாயிரத்தில் ஒன்று என்ற படங்களையும் அது நமக்கு ஆக்கித் தந்தது. சதுப்பிலும் முள்ளிலும் கால் நோக நடந்தவர்களின் உழைப்பு அது. காலால் ஆக்கிய படத்தை நாம் நாற்காலியில் இருந்தே வாசிக்கக் கற்பிக்கிறோம். இந்த முரண்பாட்டைத் தீர்ப்பதற்கு விரிவுரை ஒன்றும் வேண்டியதில்லை. ஒரு விளையாட்டுப் போதும். அவ்விளையாட்டை நம் பாடசாலைகளில், அதிலும் கொக்கட்டிச்சோலை போன்ற காட்டோரப் பாடசாலைகளில், முதலில் தொடங்க வேண்டும் என்பதே நான் ஈண்டு வற்புறுத்த வந்தது.

மேல்நாட்டார் இதனை ஓரியன்டீரிங் என்கிறார்கள். 1886இல் சுவீடன் நாட்டுப் படைத்துறைக் கல்லூரி ஒன்றில் வழங்கத் தொடங்கிய சொல் என்பர். நம்மிடையே இதற்கு நிலைத்த பெயர் இல்லாமையால் வழியறி ஓட்டம் என்று குறிப்பிடுகிறேன்; இதனினும் சிறந்த பெயரைத் தமிழாசிரியர்கள் தருவார்களாயின் மகிழ்வேன். முறை எளியது. போட்டியாளன் கையில் ஒரு தேசப்படமும் ஒரு திசைகாட்டியும் மட்டுமே இருக்கும். படத்தில் ஊதாநிற வட்டங்கள் சில இலக்கமிட்டு வரையப்பட்டிருக்கும். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் காட்டில் ஒரு செம்மஞ்சள் வெள்ளைக் கொடி தொங்கும்: ஒரு பாறையின் பின்னால், ஓடை பிரியும் இடத்தில், பள்ளத்தின் விளிம்பில். அவற்றை ஒழுங்கு மாறாமல் கண்டடைந்து, கண்டதற்கு அடையாளமாக அட்டையில் துளையிட்டுக்கொண்டு, குறைந்த நேரத்தில் முடிவிடம் சேர வேண்டும். ஒரு கொடிக்கும் அடுத்த கொடிக்கும் இடையே எவ்வழியாற் போவது என்பதை எவரும் சொல்லமாட்டார். ஒருவர் பின் ஒருவராகச் சில நிமிட இடைவெளியில் அனுப்புவதால் முன்னவனைப் பின்பற்றி ஓடுவதற்கும் இடமில்லை.

பொதுமக்களுக்கான முதற்போட்டி 1897 அக்டோபர் 31இல் நோர்வேயின் தலைநகருக்கு அருகே நடந்தபோது பங்குபற்றியோர் எண்மரே. 1919இல் ஏர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற சுவீடன் படை அதிகாரி ஸ்டாக்ஹோம் அருகே நடத்திய போட்டிக்கு 200 பேருக்கு மேல் வந்தார்கள். சாரணர் இயக்கத்திலும் ஈடுபட்டவர் அவர். மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி அலுத்துப்போன இளைஞரைக் காட்டுக்குள் அழைத்தால் உடலும் வளரும், அறிவும் வளரும் என்று கருதினார். 1961இல் சர்வதேசச் சம்மேளனம் அமைந்தது. 1966இல் பின்லாந்தின் பிஸ்கார்ஸ் என்னும் ஊரில் முதல் உலகப் போட்டி நடந்தது. இன்று சுவீடனில் கோடைதோறும் ஐந்து நாட் போட்டி ஒன்று நடக்கிறது. அதற்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடுவது வழக்கம். பேரன் ஓடும் அதே காட்டில் பாட்டியும் தன் வயதினரோடு ஓடுகிறாள்.

வரலாறு இவ்வளவு போதும். எனக்கு வியப்பளித்தது அவர்களுடைய தேசப்படத்தின் நிறம். காடு என்றால் படத்தில் பச்சையாக இருக்கும் என்றே நாம் எண்ணுவோம். அவர்கள் படத்திலோ தடையின்றி ஓடத்தக்க காடு வெள்ளையாக இருக்கிறது. ஒருவன் தன் வேகத்தில் 100க்கு 60 முதல் 80 பங்கு ஓடக்கூடிய புதர் இளம்பச்சை. 20 முதல் 60 பங்கு என்றால் நடுப்பச்சை. 20 பங்குக்கும் குறைந்தால் கரும்பச்சை. ஆக, அங்கே பச்சை என்பது மரத்தின் நிறத்தைக் குறிக்கவில்லை. மனிதனுக்கு நேரும் தடையைக் குறிக்கிறது. இக்கணக்கின்படி கரும்பச்சைக்குள் 200 மீற்றர் போவது வெறுந்தரையில் 1,000 மீற்றர் ஓடுவதற்குச் சமம், அல்லது அதனினும் கடிது. ஊடறுத்துப் போவதா, சுற்றிப் போவதா? இந்த ஒரு கேள்வியை, மூச்சு வாங்கும்போது, சில விநாடிக்குள் தீர்மானிக்க வேண்டும். வெள்ளைக் காட்டில் கால் வலியவன் வெல்லலாம். பச்சைக் காட்டிலோ கால் வலிமை பாதிதான் உதவும்; ஆகையால் இவ்விளையாட்டின் உண்மையான சுவை அடர்ந்த காட்டிலேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

அந்த நிறங்களைக் கொண்டு நம் படுவான்கரைக் காட்டைத் தீட்டினால் எப்படி இருக்கும்? காடு என்றாலே ஒரே கரும்பச்சையாக அப்பிவிடுவோர் காட்டினுள் சென்றிராதவர்கள். பாலையும் வீரையும் முதிரையும் ஓங்கி வளர்ந்த பழங்காட்டில் மேலே கவிகை மூடியிருப்பதால் கீழே வெளிச்சம் குறைவு. வெளிச்சம் குறைந்த இடத்தில் புதர் மெலியும். மனிதன் குனியாமல் நடக்கலாம். உண்மையில் நடக்க முடியாதது மனிதன் வெட்டிவிட்டுக் கைவிட்ட இடம். சேனை செய்து ஓரிரு போகம் எடுத்துவிட்டு விட்டுப்போன நிலத்தில் சூரையும் இண்டும் காரையும் பின்னிக்கொண்டு எழுகின்றன. போதாக்குறைக்கு 1926இல் பேராதனைப் பூங்காவுக்கு அழகுச் செடியாக வந்து நாடெங்கும் பரவிய உண்ணிச்செடியும் சேர்ந்துகொள்கிறது. அங்கே யானை போன தடத்தைத் தவிர வேறு தடம் கிடையாது. எனவே நம் படத்தில் உட்காடு வெள்ளையாகவும் காட்டோரம் கரும்பச்சையாகவும் இருக்கும். இதைப் புத்தகத்திற் படித்து மாணவன் ஒருபோதும் நம்பமாட்டான். முள்ளிற் சட்டை கிழிந்தால் நம்புவான்.

அடர்ந்த காட்டில் வழி தவறுவது எப்படி என்பதற்கு நம் முன்னோர் ஒரு காரணம் சொன்னார்கள். திகைப்பூண்டு என்று ஒரு பூண்டு உண்டாம். அதை மிதித்தவன் திசை மறந்து சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வருவானாம். பூண்டைக் கண்டவர் எவரும் இல்லை. ஆனால் சுற்றி வந்தவர் பலர். 2009இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் சிலரைப் பெருங்காடொன்றில் விட்டு, நேராக நடக்கச் சொல்லி, அவர்கள் போன தடத்தைப் பதிவு செய்து பார்த்தார்கள். வெயில் தெரிந்த நாளில் நடந்தவர்கள் ஏறக்குறைய நேராகவே சென்றார்கள். மேகம் மூடிய நாளில் நடந்தவர்களோ வட்டமிட்டுத் தம் பழைய தடத்தையே குறுக்கே வெட்டினார்கள்; அவ்வாறு வெட்டியது அவர்களுக்குத் தெரியவும் இல்லை. திகைப்பூண்டு காட்டில் முளைப்பதன்று, மூளையில் முளைப்பது என்று இப்பொழுது அறிகிறோம். வெளியிலிருந்து ஒரு குறி கிடைக்காதவரை மனிதனின் நேர்மை சில நிமிடம்தான் நிற்கும். (நடையைச் சொன்னேன்.)

சூரியனே அக்குறி எனின், அதிலும் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. நோர்வே நாட்டில் உச்சிப்பொழுதில் சூரியன் எந்நாளும் தெற்கே நிற்கும். அங்குள்ள கைந்நூல்கள் அதனையே முதல் விதியாகக் கூறும். அவ்விதியை அப்படியே மொழிபெயர்த்து நம் மாணவருக்குக் கொடுத்தால் ஆபத்து. கொக்கட்டிச்சோலையில் ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் உச்சிப்பொழுதில் சூரியன் தலைக்கு நேர்மேலே வரும்; இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து மாதமும் அது வடக்கேதான் நிற்கும். நண்பகலில் நிழலைப் பார்த்துத் தெற்கைத் தேடுபவன் அந்த மாதங்களில் நேர்மாறான திசையிற் போவான். ஆனால் திசைகாட்டி நமக்கு நண்பன். காந்த வடக்கும் உண்மை வடக்கும் நம் நாட்டில் மிகச் சிறிதே வேறுபடுவதால் திருத்தம் செய்யாமலே ஒரு சிறுவன் அதனை நம்பலாம்.

நோர்வே என்றேன். ஒஸ்லோ நகரின் வடகிழக்கே குரூர்தாலன் என்னும் பள்ளத்தாக்கில் நம்மவர் பல குடும்பங்கள் வாழ்கின்றன. என் மகளும் அங்கே இருக்கிறாள். ஒரு கோடையில் அவள் வீட்டில் தங்கியிருந்தபோது, பதினொரு வயதுப் பேத்தி என்னையும் அழைத்துக்கொண்டு அருகிலுள்ள காட்டில் நடந்த போட்டி ஒன்றின் தொடக்கநிலைப் பிரிவில் இறங்கினாள். அந்நாட்டில் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயிரிடாத நிலத்தில் எவரும் தடையின்றி நடக்கலாம். காடு யாருடையது என்ற கேள்வி எழுவதே இல்லை. மூன்றாம் கொடிக்கும் நான்காம் கொடிக்கும் இடையே இளம் ஊசியிலை மரங்கள் நெருக்கமாக நட்ட ஒரு பகுதி கிடந்தது. நம் சூரைப் பற்றையைப் போலவே கைநுழையாத அடர்த்தி. நேர்க்கோட்டில் 120 மீற்றர்தான். பேத்தி படத்தை ஒருமுறை திருப்பிப் பிடித்தாள். “அம்மப்பா, இதுக்குள்ள போனா முகமெல்லாம் கீறும். அந்தப் பாதையால சுத்திப் போவம். பாதை வளையிற இடத்தில இருந்து நாப்பது அடி எண்ணுங்க” என்றாள். எண்ணினேன். நாற்பதாம் அடியில் வலப்புறம் ஒரு பாறை. பாறையின் பின்னால் கொடி. நாங்கள் முடித்தபோது எங்களுக்குப் பின்னால் வர இரண்டு குடும்பங்களே இருந்தன. ஆயினும் அந்தச் சிறுமி ஒரு தீர்மானத்தைத் தானே எடுத்து, அதன் பயனைத் தானே கண்டாள். நம் ஊரில் அந்த வயதுப் பிள்ளை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்காக எடுத்த தீர்மானம் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். தீர்மானங்கள் எல்லாம் தாய்தந்தையருடையவை. விடைகள் எல்லாம் குறிப்பேட்டினுடையவை.

அங்கே பேத்தி கையாண்ட நுட்பங்களுள் ஒன்று எனக்கு முன்பே அறிமுகமானதாக இருந்தது. தொலைவில் ஓர் ஓடையும் அதன்மேல் ஒரு சிறு பாலமும் இருப்பதாகக் கொள்ளுங்கள். பாலத்தை நோக்கி நேரே குறிவைப்பவன் ஓடையை அடையும்போது பாலத்தைக் காணாவிட்டால், அது இடப்புறம் இருக்கிறதா, வலப்புறம் இருக்கிறதா என்று அறியான். ஆதலால் தேர்ந்தவர் வேண்டுமென்றே பாலத்துக்கு ஒரு பக்கம் விலகிக் குறிவைப்பார். ஓடையை அடைந்ததும் எப்பக்கம் திரும்புவது என்பதில் ஐயம் இராது. என் பாட்டனார் எருமைப் பட்டி வைத்திருந்தவர். தப்பிப்போன எருமையைத் தேடி மேற்கே காட்டுக்குள் போய்த் திரும்பும்போது, வண்டி கடக்கும் துறைக்கு நேரே வரமாட்டார். “துறையைத் தேடாதே, ஓடையைத் தேடு. வடக்கே ஒதுங்கி வா. தண்ணீர் தெரிந்தால் வலக்கைப் பக்கம் திரும்பு” என்பார். அவர் திசைகாட்டியைக் கண்டதில்லை. எழுதப் படிக்கவும் தெரியாது. சுவீடன் நாட்டுப் பயிற்சியாளர் கரும்பலகையில் விளக்கும் பாடத்தை அவர் தோளில் கயிற்றோடு செய்து காட்டினார்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை செய்துகொள்ள வேண்டும். எதைக் கண்டாலும் இது நம்மிடம் பண்டே இருந்தது என்று மார்தட்டுவது நம் இலக்கிய வட்டத்தாரின் பழைய நோய். வழியறி ஓட்டத்தைத் தமிழர் கண்டுபிடித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக்கி அதற்கு ஆற்றுப்படை என்று பெயரும் வைத்தவர்கள் நாம். பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான். அவற்றுள் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாத்தை மாணவர்கள் பரிசில் இலக்கியமாகப் படிக்கிறார்கள்; அதை வழிநூலாகப் படிக்குமாறு நான் சொல்வதுண்டு. நன்னனை நோக்கிப் போகும் கூத்தருக்கு, பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு எங்கே உறையும், தினைக்காவலர் யானையை விரட்ட எறியும் கவண்கல் எங்கே வந்து விழும், இரவில் எங்கே தங்கலாம் என்றெல்லாம் அப்புலவர் நிலத்தைப் பார்த்துச் சொல்கிறார். வழி பிரியும் சந்தில் புல்லை முடிந்து வைத்துப் பின்வருவோருக்கு அடையாளம் செய்யுமாறும் சொல்கிறார். புல் முடிச்சுக்கும் செம்மஞ்சள் கொடிக்கும் உறவு தொலைவில் இல்லை. ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. ஆற்றுப்படையில் போய்வந்தவன் வாய்திறந்து சொல்கிறான். போகிறவன் கேட்டு நடக்கிறான். வழியறி ஓட்டத்தில் தேசப்படம் வாய்திறப்பதில்லை. கேட்டு நடப்பதில் நாம் வல்லவர். நம் வகுப்பறைகளும் அதைத்தான் வளர்க்கின்றன. பார்த்து நடப்பதில்தான் பயிற்சி வேண்டும்.

படுவான்கரை மக்கள் இயல்பாகவே திசையறிவற்றவர்கள் அல்லர். வாவியின் இருமருங்கையும் சூரியன் எழும் கரை, படும் கரை என்று பெயரிட்டு வாழ்பவர்கள் நாம். ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள்: முனைக்காடு, மகிழடித்தீவு, அரசடித்தீவு, முதலைக்குடா, அம்பிளாந்துறை, பண்டாரியாவெளி. முனை, தீவு, குடா, துறை, வெளி எனப் பெயரே நிலத்தைச் சொல்லிவிடுகிறது. முதலைக்குடாவோ எச்சரிக்கையும் செய்துவிடுகிறது. கொக்கட்டிச்சோலை என்ற பெயரே ஒரு மரத்தையும் ஒரு காட்டையும் சொல்வது. வேடன் ஒருவன் கொக்கட்டி மரத்திற் கோடரி வைத்தபோது இரத்தம் பெருகியதாகவும், அங்கே தான்தோன்றீஸ்வரர் வெளிப்பட்டதாகவும் ஐதிகம். காட்டிற் புகுந்த ஒருவனின் கண்ணுக்குப் புலப்பட்டதால் உண்டான ஊர் இது.

பிறகு என்ன நேர்ந்தது? காடு நம்மிடமிருந்து பறிபோயிற்று. வெட்டியதனால் மட்டும் அன்று, அச்சத்தினால். 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் இவ்வூர்ப்பகுதியில் பொதுமக்கள் கொல்லப்பட்டதை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. இழந்தவர்கள் இன்னும் நம் அயலில் இருக்கிறார்கள். அந்த ஆண்டுகளில் காடு சிலருக்கு ஒளிவிடம், சிலருக்குப் போர்க்களம், எல்லோருக்கும் ஐயத்துக்குரிய இடம். திசைகாட்டி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காட்டோரம் நடப்பது எந்தப் பிள்ளைக்கும் உகந்ததாக இருக்கவில்லை. மண்ணுக்குள் கண்ணிவெடி கிடந்தது. தடத்தை விட்டு ஓரடி விலகாதே என்று ஒவ்வொரு தாயும் சொன்னாள், சொன்னது சரியே. கிழக்கில் போர் 2007இல் முடிந்தது. மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி நீங்கிய மாவட்டமாக 2017 ஜூனில் அறிவிக்கப்பட்டது. மண்முனைத் துறையில் 2014இல் பாலமும் வந்து, ஓடத்துக்குக் காத்திருந்த காலம் போயிற்று. ஆனால் தடத்தை விட்டு விலகாதே என்ற சொல் மட்டும் பிள்ளைகளின் கால்களில் தங்கிவிட்டது. போருக்குப் பின் பிறந்தவனுக்கும் காடு என்றால் வீதியிலிருந்து பார்க்கும் ஒரு பச்சைச் சுவர். கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்கள் உகந்தையிலிருந்து குமண, யால காடுகளூடாக இன்றும் நடக்கிறார்கள். அதுவொன்றே எஞ்சிய பயிற்சி; அதிலும் இக்காலத்தில் ஆயிரம் பேர் முன்னே போக ஆயிரம் பேர் பின்னே போவதால் வழி கேட்பதற்கும் தேவை இல்லை.

“எல்லாம் சரி, சேர். யானைக்கு என்ன செய்வீர்கள்?” என்று இளம் ஆசிரியர் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. 2023இல் மட்டும் இலங்கையில் யானை மனித மோதலால் 100க்கு மேற்பட்ட மனிதர் மாண்டனர். அதே ஆண்டில் இறந்த யானைகள் 400க்கு மேல். வெல்லாவெளியிலும் பட்டிப்பளையிலும் வவுணதீவிலும் வேலி உடைபடாத மாதம் இல்லை. பிள்ளைகளை யானைக் காட்டுக்குள் விரட்டும்படி எவனும் சொல்லமாட்டான். ஆனால் வழியறி ஓட்டத்துக்குப் பெருங்காடு வேண்டியதே இல்லை. ஒரு கிலோமீற்றர் நீளமும் அகலமும் கொண்ட ஊரோரப் பற்றைக்காடு, இரண்டு வட்டை, ஒரு குளக்கட்டு போதும். போகக்கூடாத பகுதியைப் படத்தில் ஊதாக் கோடுகளால் அடைத்துவிடுவது இவ்விளையாட்டின் விதிகளுள் ஒன்று. யானை நடமாடுவது பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் விடியலிலும். காலை எட்டரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடித்துவிடலாம். முதல்நாள் மாலையும் அன்று காலையும் ஊர்க்காவலர் இருவர் தடம் பார்க்க வேண்டும். காட்டோரம் அரசுக்கு ஒதுக்கியதாயின் வனபரிபாலனத் திணைக்களத்தாரின் அனுமதியும் வேண்டும். புடையனுக்கு அஞ்சி நீள்காற்சட்டையும் மூடிய சப்பாத்தும். சிறுவருக்கு இருவர் இருவராக ஓடும் பிரிவு. எந்நேரமானாலும் முடிவிடத்துக்கு வந்து பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வீடு போகலாம் என்ற கண்டிப்பு. மார்கழி மாரியில் கூடாது; ஆடி ஆவணிக் கோடையில் நடத்தலாம்.

ஆபத்து முற்றும் நீங்கும் என்று நான் சொல்லவில்லை. 2009இல் ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸ் நகருக்கு அருகே நடந்த உலகப் போட்டியின் அஞ்சலோட்டத்தில், முன்னணியில் ஓடிய சுவீடன் வீரர் மார்ட்டின் யோஹான்சனின் தொடையில் ஒரு மரக்குச்சி ஆழமாகப் பாய்ந்துவிட்டது. அவரோடு பதக்கத்துக்குப் போட்டியிட்ட பிரான்ஸ் நாட்டுத் தியெரி ஜோர்ஜியூவும், நோர்வேயின் ஆண்டர்ஸ் நூர்ட்பெர்க்கும், செக் நாட்டு மிக்கால் ஸ்மோலாவும் ஓட்டத்தை நிறுத்தினார்கள். ஒருவர் சட்டையால் காயத்தைக் கட்டினார். அவரைக் காட்டிலிருந்து வெளியே கொண்டு வந்து சேர்க்கும்வரை எவரும் போட்டியை நினைக்கவில்லை. மூன்று நாடுகளும் பதக்கத்தை இழந்தன. சுவிற்சர்லாந்து வென்றது. காயமுற்றவனைக் கண்டால் ஓட்டத்தை விட்டு உதவுவது இவ்விளையாட்டில் எழுதப்பட்ட விதி. விதிக்காகவா அவர்கள் நின்றார்கள் என்பதை வாசகர் தீர்மானிக்கட்டும். நம் இல்ல விளையாட்டுப் போட்டிகளில் கோட்டைத் தாண்டி முழங்கையால் இடிக்கும் பிள்ளையையும், அதைக் கண்டும் கைதட்டும் பெற்றோரையும் ஆண்டுதோறும் பார்த்தவன் நான். அதனாலேயே இந்நிகழ்ச்சியை எழுதினேன்.

பெண்பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்போரும் இருப்பர். அவர்களுக்குச் சுவிற்சர்லாந்தின் சிமோன் நிக்லி என்னும் பெண்மணியின் பெயரை மட்டும் சொல்கிறேன். உலகப் போட்டிகளில் 23 தங்கப் பதக்கம் பெற்றவர். மூன்று பிள்ளைகளுக்குத் தாயான பின்னும் வென்றவர். நம் ஊர்ப் பெண்களும் விறகுக்கும் பழத்துக்கும் காட்டோரம் போய்வந்தவர்கள்தாம். தடை என்பது அண்மையில் வந்தது.

இனிச் செலவு. மின்னட்டை, மின்பொறி என்று மேல்நாட்டில் இப்பொழுது பல வந்துவிட்டன. அவை நமக்கு வேண்டா. பத்துத் திசைகாட்டி, தையற்காரரிடம் எஞ்சிய துணியிற் செய்த பத்துக் கொடி, காகிதம் துளைக்கும் கருவி, ஒரு நிறுத்தற் கடிகாரம். கடினமானது தேசப்படம் ஒன்றே. ஐம்பதினாயிரத்தில் ஒன்று என்ற தாளில் சமவுயரக்கோடுகள் 20 மீற்றருக்கு ஒன்றாக வரையப்பட்டிருக்கின்றன. வாவிக்கரையை ஒட்டிய நம் தாழ்நிலமோ அந்த 20 மீற்றரை எட்டுவதில்லை. ஆகவே அதில் ஒரு கோடும் விழாமல் வெறுந்தாளாகத் தோற்றமளிக்கும். வெறுந்தாளை வைத்துக்கொண்டு எவன் ஓடுவான்? பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில் நாமே புதிதாக வரைய வேண்டும். புற்று, தனித்த பெருமரம், கற்பாறை, வற்றிய மடு, கைவிட்ட வாடி, யானை வேலி, பரண் நின்ற இடம் எல்லாம் அதில் ஏற வேண்டும். ஆஸ்திரேலியக் காடுகளில் அவர்கள் கறையான் புற்றையும் விடாமல் குறிக்கிறார்கள். நமக்கு மட்டும் என்ன குறை?

அதனை வரைய வேண்டியவர்கள் மாணவர்களே. ஓடுவதற்கு முன் வரைதல். வரைவதற்கு முன் நடத்தல். செயற்கைக்கோட் படத்தைக் கைப்பேசியிற் பார்த்து ஓரளவு கோடிழுத்துக்கொள்ளலாம்; அதில் வெட்கமில்லை. ஆனால் அது மரத்தின் தலையைக் காட்டும், அடியைக் காட்டாது. பற்றை நுழையத்தக்கதா என்பதை மேலிருந்து சொல்ல முடியாது. அதிலும் பெரிய குறை, அது பெயர் சொல்லாது. காட்டோரத்தில் ஒவ்வொரு மடுவுக்கும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு பெயர் உண்டு. யாருடைய எருமை எந்த ஆண்டில் எங்கே புதைந்தது என்பது முதல், யார் எங்கே தேன் எடுத்தான் என்பது வரை அப்பெயர்களில் இருக்கிறது. திணைக்களத்தின் எந்தத் தாளிலும் அவை ஏறவில்லை. பட்டி மேய்த்தவர்களும் தேன் எடுத்தவர்களும் வட்டைக் காவல் இருந்தவர்களும் மனத்தில் வைத்திருக்கிறார்கள். மாணவர் ஐவர் ஒரு முதியவரை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு காலைப்பொழுது சுற்றி வந்தால் நாற்பது பெயராவது படத்தில் ஏறும் என்பது என் கணக்கு.

எனக்குத் தெரிந்து அத்தகைய முதியவர்கள் எங்கள் பகுதியில் இன்னும் நால்வர் இருக்கிறார்கள். மூத்தவருக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது. கண் மங்கிவிட்டது, ஆனால் காட்டோரத்துக்குக் கூட்டிப்போனால் காற்றைக் கொண்டே இடம் சொல்கிறார். ஆகஸ்ட் விடுமுறைக்கு முன் திசைகாட்டிகள் வந்துவிட்டால், முதலில் அவரிடமே போகலாம் என்று ஆசிரிய நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன்.